அவிழ்ந்த கரைக்கட்டு

வெள்ளிக்கிழமை பொழுதுபட்ட கையோடு றொசாந்தி போட்ட கூச்சல் அந்த ஒழுங்கை முழுவதற்கும் கேட்டது. குருநகரில் பெருநாள் வாரம். கோயிலில் பின்னேரச் செபம் முடிந்து திரும்பிக்கொண்டிருந்த சனம் அப்படியே அந்த வீட்டு முற்றத்தில் திரண்டது.

செப அறைக் கதவு திறந்து கிடந்தது. திருஇருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே, ஆணியில், ஒரு சாண் நீளக் கயிறு நேராகத் தொங்கியது. அதில் முடிச்சு இல்லை.

"ஐயோ ஆண்டவரே, ஆரோ அவிட்டுப்போட்டினம்!" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு அவள் தரையில் இருந்தாள்.

அந்தக் கரையில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் கரைக்கட்டு என்றால் என்னவென்று தெரியும். கடலுக்குப் போகிறவன் புறப்படும்போது மந்திரம் சொல்லித் தன் கையால் போட்டுவிட்டுப் போகும் முடிச்சு அது. முடிச்சு இருக்கும்வரை கடல் அவனைக் கரைக்குத் திருப்பி அனுப்பும். அவிழ்ந்தால் அனுப்பாது. எந்தப் பக்கம் படகை ஓட்டினாலும் கரை விலகிப்போகும், ஜி.பி.எஸ். கூடக் கூசாமல் பொய் சொல்லும். தேடப்போகிற படகுகளின் கண்ணிலும் படமாட்டான். இதைச் சரிசெய்ய ஒரே வழிதான் உண்டு. அவிழ்த்த கையே மறுபடி கட்டவேண்டும். வேறு கை கட்டினால் கயிறு அந்த இடத்திலேயே இத்து உதிர்ந்துவிடும். பிறகு ஆண்டவன் விட்ட வழி.

றொசாந்தியின் கணவன் ஜெயசுதன் வியாழன் பின்னேரம் தனியாகப் படகெடுத்துப் போயிருந்தான். வெள்ளி காலையில் வந்திருக்கவேண்டியவன். நல்ல மீன்பாடு, அதுதான் சுணக்கம் என்று வீடு நினைத்துக்கொண்டிருந்தது. அவன் கொண்டுபோன குடிதண்ணீர் ஒரு கலன். சோளகக் காற்றும் ஆடி வெயிலும் சேர்ந்தால் அது எவ்வளவு நேரத்துக்கு வரும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

*

சனி காலை. மந்திரத் தடயப் பிரிவு அதிகாரி மக்டலீன் தன் சிவப்பு ஸ்கூட்டியை வேலியோடு சாத்தினார். ஐம்பது வயது, கடைவாய்ப் பல்லில் வலி, வாயில் கராம்பு. பல்வலி இல்லாத நாளிலும் அவர் சிரித்துப் பார்த்தவர்கள் குறைவு.

வாசலில் இன்ஸ்பெக்டர் தியாகலிங்கம் நின்றார். கெட்டிக்காரர்தான். ஆனால் எதையும் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் முடித்துவிட வேண்டும் என்பது அவர் கொள்கை.

"மிஸ், நீங்கள் வந்தது நல்லதாப் போச்சு. ஆளைப் பிடிச்சிட்டன். பெண்சாதிதான்."

"பிடிச்சாப் பிறகும் கயிறு ஏன் உங்கடை பையுக்குள்ளை கிடக்கு? கட்டச் சொல்லுங்கோவன்."

"கட்டமாட்டன் எண்டு நிக்கிறா. புருசன் செத்தாலும் பரவாயில்லையாம் போல. ஒரு மணித்தியாலம் பாப்பன். பிறகு பெண் பொலிசை விட்டுக் கையைப் பிடிச்சுக் கட்டவைப்பன்."

"அவ அவிட்டிருக்காட்டி?"

இன்ஸ்பெக்டர் விலகி வழிவிட்டார். "அவதான் மிஸ். வந்து பாருங்கோ."

முதலில் பூட்டைக் காட்டினார். மழை பெய்து மாதக்கணக்காகிறது. ஆனால் செப அறைப் பூட்டு நனைந்திருந்தது. திறப்பால் திறந்த பூட்டு வியர்க்காது. மந்திரத்தால் திறந்த பூட்டு இரண்டு நாளைக்கு வியர்க்கும்.

"திறவுமந்திரம்," என்றார் மக்டலீன். "சரி. அதின்ரை கூலி?"

"எனக்குத் தெரியாதோ? சொன்ன ஆளின்ரை நாக்குக்கு அண்டைக்குப் பொழுதுபடுமட்டும் உப்புத் தெரியாது. நாங்கள் வரேக்கை பொழுதுபட்டிட்டுது, எல்லாற்றை நாக்கும் சரியாப் போச்சு. ஆனா இதைப் பாருங்கோ." குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து ஒரு சட்டியை எடுத்தார். "வெள்ளி காலமை காய்ச்சின ஒடியற்கூழ். பெருநாளுக்கு இந்த வீட்டுக்காரர் ஏழையளுக்குக் குடுக்கிறது. ஒரு சொட்டு வாயிலை வையுங்கோ."

மக்டலீன் விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். நண்டு, றால், பயற்றங்காய் எல்லாம் குறையில்லை. உப்பு மாத்திரம் கடல்தண்ணீரைத் தோற்கடித்தது. வலித்த பல்லில் பட்டு உயிர் போனது.

"ஆர் காய்ச்சினது? றொசாந்தி. உப்புப் போட்டது ஆர்? அவவே ஓமெண்டு சொல்லிப்போட்டா. நாக்கிலை உப்புத் தெரியாத ஆள்தான் இப்பிடி அள்ளிக் கொட்டும். திறப்பு அவவின்ரை கழுத்திலை கிடந்தும் மந்திரத்தாலை திறந்தது, வெளியாள் வந்த மாதிரிக் காட்ட. வியாழக்கிழமை புருசனோடை பெரிய சண்டை. ஒழுங்கைக்கே கேட்டிருக்கு."

கணக்குச் சரிதான் போல இருந்தது. மக்டலீன் கராம்பை மறுபக்கம் ஒதுக்கிக்கொண்டு உள்ளே போனார்.

*

சாய்மனைக் கதிரையில் செபஸ்தியம்மா கிடந்தார். ஜெயசுதனின் தாய். முழங்கால் வாதம், ஆள் பிடிக்காமல் எழும்பமாட்டார். கையில் செபமாலை, வாயில் மருமகள்.

"அவள்தான் மிஸ். என்ரை பிள்ளையைக் கடலுக்குக் குடுத்திட்டாள்."

"கூழ் குடிச்சனீங்களோ அம்மா?"

"வாயிலை வைச்சன், துப்பிப்போட்டன். அப்பிடி உப்பு. வந்த சனமெல்லாம் முகத்தைச் சுழிச்சுக்கொண்டு வைச்சிட்டுப் போச்சுதுகள். எங்கடை குடும்பமே வெக்கப்பட்டுப் போச்சு." செபமாலை மணி ஒன்று நகர்ந்தது. "என்ரை இளையவன் லெனாட் ஒருத்தன்தான் ஒண்டும் சொல்லாமல் ரண்டு பனையோலைப் பிளா நிறையக் குடிச்சவன். மச்சாளின்ரை மனம் நோகக் கூடாதெண்டு. அப்பிடிப் பிள்ளை அவன்."

லெனாட் கதவோரம் நின்றான். இருபத்தைந்து வயது இருக்கும். நித்திரையில்லாத கண்கள். பக்கத்துக் கொடியில் புதுப் பட்டுச் சால்வை ஒன்று தொங்கியது.

"உது என்ன சால்வை?"

"பவனிக்கு," என்றார் செபஸ்தியம்மா. "இண்டைக்குப் பின்னேரம் புனிதரின்ரை சுருவத்தைப் படகிலை கொண்டுபோறது. கரையிலை நிக்கிற எங்கடை பெரிய படகுதான் எப்பவும். மூத்தவன்தான் சுக்கான் பிடிக்கிறவன். வெள்ளிச் செபம் முடிய பாதர் பேர் வாசிக்கேக்கை ஆள் கரையிலை நிக்கவேணும். அவன் வரேல்லை. லெனாட்டின்ரை பேரை வாசிச்சினம்."

"வெள்ளி விடியக்காலமை எங்கை நிண்டனீர் தம்பி?"

"கரையிலை, வலை பொத்திக்கொண்டு."

"ஆரும் கண்டவையோ?"

"எல்லாரும் பூசைக்குப் போட்டினம்." லெனாட் இன்ஸ்பெக்டரைப் பார்த்தான். "சேர், அந்தக் கயிறைத் தாங்கோவன். ஆண்டவரின்ரை படத்துக்குக் கீழை வைச்சுச் செபிக்கிறம்."

"ராத்திரியிலை இருந்து உதையேதான் கேக்கிறாய். சாட்சிப்பொருள் தரேலாது எண்டெல்லோ சொன்னனான்."

மக்டலீன் குசினிப் பக்கம் போனார்.

*

றொசாந்தி அடுப்படியில் சுவரோடு சாய்ந்து இருந்தாள். பக்கத்தில் ஒரு பெண் பொலிஸ். அழுது அழுது குரல் அடைத்துப்போயிருந்தது.

"பிள்ளை, வியாழக்கிழமை என்ன சண்டை?"

"நேர்த்திக் கூழ் காய்ச்சிற நாளிலை வீட்டிலை நில்லுங்கோ எண்டன். மீன் படுகிற நேரம் எண்டார். போனா வராதையுங்கோ எண்டு சொல்லிப்போட்டன், மிஸ். கோவத்திலை. என்ரை நாக்கு அழுகிப்போக."

"உந்தக் கயிறைக் கட்டச் சொன்னா ஏன் கட்டமாட்டன் எண்டுறீர்?"

அவள் நிமிர்ந்தாள். "நான் அவிட்டிருந்தா ராத்திரியே கட்டியிருப்பனே! நான் அவிழ்க்கேல்லை. என்ரை கை பட்டா கயிறு இத்துப்போம். அவர் பிறகு வரவே மாட்டார். என்னை மறியலுக்கு அனுப்புங்கோ, தூக்கிலை போடுங்கோ. அந்தக் கயிறிலை மட்டும் என்ரை கையை வைக்கவிடாதையுங்கோ!"

இன்ஸ்பெக்டர் மணிக்கூட்டைப் பார்த்தார். மக்டலீன் அவரைப் பார்த்தார்.

"சேர், உங்கடை வீட்டிலை தைப்பொங்கலுக்குப் படைக்க முதல் ஆரும் வாயிலை வைச்சு ருசி பாக்கிறவையோ?"

"சீச்சீ! படைக்க முதல் எச்சில் படுத்தலாமே?"

"பிள்ளை, நேர்த்தி வைச்சது ஆர்?"

"நான்தான், மிஸ். கலியாணம் முடிஞ்ச வருசத்திலை இருந்து."

"நேர்த்தி வைச்ச ஆள் கூழை எப்ப வாயிலை வைக்கலாம்?"

"வந்த ஏழையளிலை கடைசி ஆளும் குடிச்சாப் பிறகு. அதுக்கு முதல் நாக்கிலை படக்கூடாது."

"அப்ப உப்பு எவ்வளவு போடுறதெண்டு உமக்கு என்னெண்டு தெரியும்?"

றொசாந்தி குழம்பிப்போய்ப் பார்த்தாள். யாரும் அவளிடம் அதைக் கேட்கவில்லை. உப்புப் போட்டது யார் என்று கேட்டார்கள், நான்தான் என்றாள். அதோடு விசாரணை முடிந்துவிட்டது.

"நேர்த்தி இல்லாத ஆள் ஒராள் உப்புப் பாத்துச் சொல்லவேணும். அகப்பையாலை உள்ளங்கையிலை விட்டு, நக்கிப் பாத்து... நான் கையளவுக்குப் போட்டிட்டுக் கூப்பிட்டன். உப்புக் காணாது எண்டு சொன்னார். இன்னும் போட்டன். இன்னும் காணாது எண்டார். திரும்பவும் போட்டன்."

"ஆர் சொன்னது?"

குசினி வாசலில் நிழல் அசைந்தது. லெனாட் அங்கேதான் வந்து நின்றிருந்தான். றொசாந்தியின் கண் அவன் பக்கம் திரும்பியது. பேரைச் சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

"நில்லும் தம்பி," என்றார் மக்டலீன். "முற்றத்துக்கு ஓடினாலும் அங்கையும் பொலிஸ்தான்."

இன்ஸ்பெக்டர் கையில் இருந்த பையை ஒருமுறை பார்த்துக்கொண்டார். அதற்குள் ஒரு மனிதனின் உயிர் கிடந்தது. ஒரு மணித்தியாலத்தில் அதை இத்துப்போகச் செய்ய இருந்தவர் தானே என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"எல்லாரும் முகம் சுழிச்ச கூழை இவர் ரண்டு பிளாக் குடிச்சிருக்கிறார்," என்றார் மக்டலீன். "தாய் அதைப் பெருமையாச் சொல்லுறா. மச்சாளின்ரை மனம் நோகக் கூடாதெண்டு குடிச்சதில்லை. இவருக்கு உப்பே தெரியேல்லை. செபஸ்தியம்மா துப்பினவ, அப்ப அவவின்ரை நாக்குச் சரி. றொசாந்தி வாயிலை வைக்கவே இல்லை, அவவின்ரை நாக்கைப் பற்றிக் கூழ் ஒண்டும் சொல்லாது. உப்புப் பாத்த நாக்கு ஒண்டுதான். வெள்ளி விடிய எல்லாரும் பூசைக்குப் போன நேரம் திறவுமந்திரம் சொன்ன நாக்கு அது. ராத்திரி முழுக்கக் கயிறைத் தா, கயிறைத் தா எண்டு கேட்டதும் அதே நாக்குத்தான். செபிக்க இல்லை. கட்ட. என்ன தம்பி, நேற்றுப் பின்னேரம் பேர் வாசிச்ச உடனை வந்து திரும்பக் கட்டிவிடுறதுதானே உம்மடை எண்ணம்?"

லெனாட் நிலைக்கதவைப் பிடித்தபடி கீழே இருந்துவிட்டான்.

"ஒரு நாள்தான் மிஸ்... ஒரேயொரு நாள் சுணங்கட்டும் எண்டுதான். ஒவ்வொரு வருசமும் அண்ணைதான் சுக்கான். ஒருக்கா நான் பிடிச்சா என்ன எண்டு... செபம் முடிஞ்சு ஓடிவந்தன். அதுக்குள்ளை மச்சாள் கண்டு, சனம் கூடி, பொலிஸ் வந்து, கயிறு பையுக்குள்ளை போட்டுது."

"கூலி உப்பெண்டு தெரிஞ்சுமோ காணாது எண்டு சொன்னனீர்?"

"ஞாபகமே வரேல்லை. மச்சாள் நேர்த்தி தொடங்கின வருசத்திலை இருந்து நான்தான் உப்புப் பாக்கிறனான். மச்சாள் கூப்பிட்டா, கையை நீட்டினன். நாக்குச் சொன்னதை வாய் சொல்லிப்போட்டுது."

"ராத்திரியே உண்மையைச் சொல்லியிருந்தா உன்ரை அண்ணன் இப்ப வீட்டிலை தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு இருப்பான்ரா!" இன்ஸ்பெக்டர் கத்தினார். அந்தக் கோபத்தில் பாதி தன்மேல்.

"பயந்திட்டன் சேர்."

சாய்மனைக் கதிரையில் இருந்து செபஸ்தியம்மாவின் குரல் கேட்டது. "ஆரை ஏசுறியள்? என்ரை லெனாட்டையோ? ஏன்?" கொஞ்ச நேரத்தில் அவருக்கே விளங்கிவிட்டது. தன் வாயால்தான் பிள்ளையைக் காட்டிக்கொடுத்தோம் என்பதும் விளங்கியது. செபமாலை மடியில் இருந்து விழுந்தது. அதை எடுத்துக் கொடுக்க ஆளில்லை.

இன்ஸ்பெக்டர் பையைப் பிரித்தார். லெனாட் கயிற்றை வாங்கி மந்திரம் சொல்லி முடிச்சைப் போட்டான். முதல் தரம் நழுவியது. இரண்டாம் தரம் முடிச்சு இறுகியது. கயிறு இத்துப்போகவில்லை.

*

பின்னேரம், பவனிப் படகுகள் கரையில் சோடித்து நிற்கும்போது, தீவுப் பக்கமாக ஒரு பைபர் படகு வந்தது. சுக்கானில் கிடந்தவன் ஜெயசுதன். உதடு வெடித்து, கண் உள்ளே போய், ஆனால் உயிரோடு. நாலு பேர் இறங்கித் தூக்கினார்கள். கரண்டியால் தண்ணீர் பருக்கினார்கள். அம்புலன்ஸ் வந்தது. அவன் றொசாந்தியின் கையை விடவில்லை. அவள் விம்மி விம்மி அழுதாள், இந்த முறை சந்தோசத்தில். அந்த வருசம் சுருவம் வேறொரு வீட்டாரின் படகில் போனது.

லெனாட் பொலிஸ் ஜீப்பின் பின்சீற்றில் இருந்தான். அண்ணன் கரை சேர்கிறானா என்று பார்க்கும்வரை அங்கே நிற்க இன்ஸ்பெக்டர் விட்டிருந்தார்.

அம்புலன்ஸில் ஏற முதல் றொசாந்தி வீட்டுக்கு ஓடினாள். உடுப்பு எடுக்கத்தான் போகிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். கையில் ஒரு பிளாவோடு திரும்பிவந்து நேரே ஜீப்படிக்குப் போனாள். உள்ளே குளிர்ந்த கூழ்.

"கையை நீட்டு," என்றாள்.

லெனாட் நீட்டினான். அவள் பிளாவைச் சரித்து உள்ளங்கையில் கொஞ்சம் விட்டாள். அவன் நக்கினான். முகம் கோணியது. அவன் கண்ணில் இருந்து கொட்டிய தண்ணீரும் அதே கைக்குள்தான் விழுந்தது.

"உப்புக் காணுமோ, பாத்துச் சொல்லு," என்றாள் றொசாந்தி.

"காணும் மச்சாள்," என்றான் லெனாட். "கூடிப்போச்சு."

அவள் பிளாவை அவன் பக்கத்தில் சீற்றில் வைத்துவிட்டு அம்புலன்ஸை நோக்கி நடந்தாள். மக்டலீன் வாயில் இருந்த கராம்பைத் துப்பிவிட்டு ஸ்கூட்டியைத் தள்ளினார். அந்த நேரத்துக்கும் பல்வலி நிற்கவில்லை.