ஒரு சாண் பெட்டி

மனித இனம் இதுவரை மரத்தால் செய்த பொருள்களிலேயே ஆகக் கச்சிதமானது, எட்டாம் வகுப்பு தச்சு பீரியடில் அவன் செய்த மூடிப் பெட்டிதான். கப்பல்கள் உண்டு, அரண்மனைக் கதவுகள் உண்டு. அதெல்லாம் வெறும் பெரிசு. கச்சிதம் வேறு. பெட்டியின் நீளம் சரியாக இருநூறு மில்லிமீட்டர். இருநூற்றொன்று கிடையாது, நூற்றுத் தொண்ணூற்றொன்பதும் கிடையாது. கல்யாணமான முதல் வாரமே இதை மனைவியிடம் சொல்லிவிட்டான். பின்னால் தெரிந்து வருத்தப்படக் கூடாது பாருங்கள்.

ஆகவே செவ்வாய்க்கிழமை காலை அது இருநூற்று மூன்று காட்டியபோது அவன் டேப்பைச் சந்தேகிக்கவில்லை. பெட்டியைத்தான் முறைத்தான்.

பழைய வீட்டைக் காலி செய்த அக்கா இரண்டு நாளுக்கு முன்தான் அதைக் கொண்டுவந்து கொடுத்திருந்தாள். வந்த அன்றே அளந்தான். இருநூறு. வீடு வீடாகப் போய் அலமாரிக்கு அளவெடுப்பது அவன் பிழைப்பு; கம்பெனியில் அவனுக்குப் பெயரே மில்லிதான். இடுப்பு பெல்ட்டில் மாட்டிய இரும்பு டேப் அவனோடு சாப்பிடும், அவனோடு தூங்கும்.

"மழைக்கு ஊதியிருக்கும்," என்றாள் மனைவி.

"மரம் அகலத்துலதான் ஊதும். நீளத்துல ஊதாது."

அவள் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்துப் பெட்டிமேல் வைத்தாள். "அன்னிக்கும் ஒரு சாண்தான், இன்னிக்கும் ஒரு சாண்தான். ஆளை விடுங்க."

"சாணா? டேப்புனு ஒண்ணு கண்டுபிடிச்சுட்டாங்கம்மா, சேதி வரலையா? நாம என்ன குகையிலயா குடியிருக்கோம்?"

"குகையில இருந்தவங்களாவது நிம்மதியா தூங்கியிருப்பாங்க. நிமிர்ந்து நில்லுங்க, கூனிக் குறுகிப் போறீங்க."

சாண் என்றாலே அவனுக்கு ஆகாது. தச்சு வாத்தியார் வைத்த சட்டம் அது: முதல் பெட்டிக்கு ஸ்கேல் கிடையாது, அவரவர் கையால் ஒரு சாண். முப்பது பிள்ளைகள் முப்பது அளவில், வாய் கோணிய பெட்டிகளோடு நின்றார்கள். இவன் மட்டும் ஸ்கேலைச் சட்டைக்குள் ஒளித்துக் கொண்டுவந்து இருநூறு அடித்தான். வாத்தியார் இவன் கையைப் பிடித்துப் பெட்டிமேல் விரித்து வைத்தார். சுண்டுவிரல் இரண்டு விரற்கடை முன்னாலேயே நின்றுவிட்டது.

"பெட்டி சரியா இருக்கு," என்றார் வகுப்பைப் பார்த்து. "ஆளுதான் பத்தல."

சிரிப்பு அடங்கப் பத்து நிமிடம் ஆனது. வாத்தியார் அதோடு விடவில்லை. "எறும்பும் தன் கையால் எண் சாண்டா. உன் கையை நம்பு."

சனிக்கிழமை பெட்டி இருநூற்று ஆறு. அன்று மாலை கம்பெனித் தச்சன் போன் செய்தான்.

"மில்லிண்ணே, நீங்க புதன்கிழமை எடுத்த அளவுக்குத்தான் அலமாரி செஞ்சோம். சுவருக்குள்ள போக மாட்டேங்குது. நாப்பது மில்லி அதிகம்."

"சுவரை நல்லா அளந்தியா?"

"ரெண்டு பேர் அளந்துட்டோம்ணே. உடம்பு கிடம்பு சரியில்லையா?"

பதினோரு வருடத்தில் முதல் தப்பு. போனை வைத்துவிட்டு சமையலறைக் கதவை அளந்தான். தானே நின்று வைத்த கதவு, இரண்டாயிரத்து நூறு. டேப் இரண்டாயிரத்து நூற்று அறுபத்து மூன்று என்றது. கட்டில், மேசை, ஜன்னல், எல்லாமே வளர்ந்திருந்தன, ஒரே விகிதத்தில், ஒருவரையொருவர் முந்தாமல். எப்போதும் இடித்துக்கொள்ளும் பரண் விளிம்பு தலையில் இடிக்கவில்லை. வளராதது இந்த வீட்டில் இரண்டே இரண்டு: அவனும், அவன் இடுப்பில் தொங்கிய டேப்பும். அந்தக் கணக்கை அவன் முடித்துப் பார்க்கவில்லை. சில கணக்குகளைப் பாதியில் விடுவதுதான் புத்திசாலித்தனம்.

ஞாயிறு மதியம் மனைவி வெளியே பூட்டிக்கொண்டு அவன் அக்கா வீட்டுக்குப் போனாள். உள்ளே இருப்பவர் குமிழைத் திருகினால் திறக்கும் பூட்டு. மழை தகரக் கூரையிலும் ஜன்னல் கம்பியிலும் வெவ்வேறு வேகத்தில் விழுந்துகொண்டிருக்க, ஈரச் சுவரின் வாடைக்கு நடுவே இத்தனை வருடத்துக்குப் பிறகும் பச்சையாகவே இருந்த வஜ்ஜிரப் பசையின் நாற்றம் பெட்டியிலிருந்து மெல்ல எழுந்து கூடத்தை நிரப்ப, அவன் பெட்டியைத் தரையில் இறக்கி, மூடியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, முட்டி போட்டு அளந்தான்.

இருநூற்று நாற்பது.

டேப் சுருண்டு உள்ளே போகும் 'சர்ர்' சத்தம் வழக்கத்தைவிட மெல்லியதாகக் கேட்டது. மழைச் சத்தம் மட்டும் கனத்திருந்தது, யாரோ பக்கத்திலேயே கூழாங்கல் கொட்டுவது போல. மறுபடி அளந்தான்.

முந்நூற்றுப் பத்து.

எழுந்தான். எழுந்த பிறகும் மேசை விளிம்பு மார்புக்கு வந்தது. மேசைமேல் போன் இருந்தது. முதலில் கதவு, போன் அப்புறம் என்று ஓடினான். கூடம் நீண்டுகொண்டே போனது. கதவை அடைந்தபோது பூட்டுக் குமிழ் அவன் விரல்நுனிக்கு ஒரு முழம் மேலே இருந்தது. குதித்தான். பிறகு இரண்டு முழம். திரும்பினால் மேசை ஒரு கூரையாகியிருந்தது. போன் அதற்கு மேல் எங்கோ. கத்தினான். மழை அதை அப்படியே விழுங்கியது.

எறும்பு ஒன்று கடந்து போனது. சுண்டெலியளவு. அவனைத் திரும்பிப் பார்த்தது.

உட்கார்ந்தான். ஒரே டைலுக்குள் முழுதாக. இன்னும் இடமிருந்தது.

பூட்டில் சாவி. இடி மாதிரி.

கதவு காற்றைத் தள்ளிக்கொண்டு திறந்தது. ஈரச் செருப்பு ஒன்று அவன் பக்கத்து டைலில் விழுந்தது. தரை அதிர்ந்தது. இன்னொன்று. நேராக அவனை நோக்கி. ஓடினான். எங்கே? மறைவு ஒன்றுதான் இருந்தது. நெஞ்சளவுப் பலகை. பிடித்து ஏறி, உள்ளே விழுந்தான். பசை நாற்றம். கன்னத்துக்கு அருகே பென்சிலில் 200, ஒவ்வொரு எண்ணும் அவன் முகத்தளவு.

"அண்ணி, வந்து சேர்ந்துட்டேன்," மேலே, வெகு மேலே, மனைவியின் குரல் போனில். "உங்க தம்பியைக் காணோம். பெட்டியை நடு வீட்டுல கடை பரப்பிட்டு எங்கயோ அளக்கக் கிளம்பிட்டார்."

அவன் எழுவதற்குள், அவள் குனிந்து பார்க்காமலே, மூடி வந்தது. கச்சிதமான மூடி. வெளிச்சம் ஒரு கோடானது. கோடும் போனது.

தூக்கினாள். மூடியை இரு கையாலும் அறைந்தான், நகத்தால் கீறினான், கூப்பிட்டாலும் அவள் திரும்பிப் பார்க்காத செல்லப் பெயரையெல்லாம் சொல்லிக் கத்தினான்.

"இருங்க அண்ணி, உள்ள ஏதோ சுரண்டுது... கரையானாத்தான் இருக்கும். நாளைக்கு மருந்து வாங்கிட்டு வரச் சொல்றேன், அவரையே. பரண்ல எடமா? அது கெடக்கு. ஒரு சாண்தானே."

பெட்டிக்கு வெளியே இரண்டு பக்கமும் இரண்டு விரல்கள் வந்து உட்காரும் சத்தம். 'டப்', 'டப்'. பிறகு இன்னும் மேலே, பரணில் ஒரு இறக்கம். பிறகு காலடிகள், தூரமாக. பிறகு ஒன்றுமில்லை.

படுத்தான். தலை ஒரு பலகையைத் தொட்டது, கால் மறு பலகையை. அவனுக்கென்றே அளவெடுத்த மாதிரி. கை தானாக இடுப்புக்குப் போனது. டேப்பை இழுத்தான், எங்கோ போய் முட்டியது. எவ்வளவு? இருட்டில் டேப்புக்கு வாய் கிடையாது. மெதுவாக உள்ளே விட்டான்.

நெடுநேரம் சும்மா கிடந்தான்.

அப்புறம், யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்தும் ஒருமுறை தயங்கிவிட்டு, உருண்டு எழுந்து முட்டி போட்டு, கட்டைவிரலைத் தலைமாட்டுப் பலகையில் ஊன்றிச் சுண்டுவிரலை விரித்தான். ஒன்று. இரண்டு. மூன்று. உதடு அசைய, சத்தமில்லாமல் எண்ணினான். எட்டாவது சாணில் சுண்டுவிரல் கால்மாட்டுப் பலகையில் முட்டியது.

எட்டு. அளவு தெரிந்ததில் வெட்கம்கெட்ட ஒரு நிம்மதி.

சரிபார்க்க இன்னொரு தடவை வைத்தான். ஆறு. ஏழு. எட்டு.

பலகை வரவில்லை.

இருட்டில், மெதுவாக, ஒன்பதாவது சாணை வைத்தான்.