கண்ணை மட்டும் எடுத்துடுங்க

வேற்றுக்கிரகத்துப் பிராணிக்கு மச்சம் எதற்கு? ஓவியன் மூன்று வாரம் மாங்கு மாங்கென்று வரைந்து, காலையில்தான் சினிமா இயக்குநருக்கு அனுப்பியிருந்த அந்தப் பிராணியின் கழுத்தில், கடுகளவு ஒன்று இருந்தது. அவன் அதை வரையவில்லை. கணினியில் அழித்தான்.

பக்கத்து அறையில் மருந்து நெடியும் ஈரத்துணி வாடையுமாகப் பகல் வெயில் தேங்கிக் கிடந்தது. பக்கவாதம் வந்து இரண்டு வருடமாகப் படுத்த படுக்கையாய் இருக்கும் அக்காவின் கழுத்தைத் துடைக்கப் போனவன், துணியும் கையுமாக அப்படியே நின்றான். அவள் கழுத்தில் இருந்த மச்சத்தைக் காணோம்.

கோணிய முதுகு, மடங்கிப்போன விரல்கள், ஒருபக்கம் இழுத்துக்கொண்ட கழுத்து, எல்லாவற்றையும் அவள் தூங்கும்போது கதவோரம் நின்று திருட்டுத்தனமாகப் பார்த்து வரைந்திருந்தான். கண்களை மட்டும் நினைவிலிருந்து. "எங்கேர்ந்து பிடிச்சீங்க இப்படி ஒரு அருவருப்பை?" என்று இயக்குநர் மெச்சியபோது, "கற்பனைதான் சார்" என்று இளித்தான். அம்மா போனபிறகு அவனை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் அவள். வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது.

கைபேசி அடித்தது. இயக்குநர்தான்.

"எல்லாம் பிரமாதம். கண்ணுதான் மனுஷக் கண்ணு மாதிரி இருக்கு, பார்த்தா பாவமா இருக்கு. கண்ணை மட்டும் எடுத்துடுங்க."

"வேண்டாம் சார்."

"ஏன்?"

அது எங்க அக்கா. மூன்றே வார்த்தை. சொல்லிவிட்டால் அவர் படத்தில் கை வைக்கமாட்டார். தொண்டைவரை வந்துவிட்டது. அதைக் கேட்டு அவர் முகம் சுளிப்பதை நினைத்தான்.

"சும்மாதான் சார்."

"அப்ப விடுங்க, ஃபைல் எங்கிட்ட இருக்கே. நானே எடுத்துடறேன்."

"தம்பி." அக்காவின் குழறல் அறைக்குள்ளிருந்து வந்தது. "என்னடா, திடீர்னு இருட்டிப் போச்சு?"

ஜன்னல் நிறைய வெயில்.

"வாயும் வேண்டாம்போல," என்றார் இயக்குநர்.

"சார், கொஞ்சம் இருங்க, அது வந்து..."

"தம்பி, நீ எங்கட..."

குரல் பாதியில் நின்றது.

"ஆங், இப்ப நல்லாருக்கு. இன்னும் நாலு கை போட்டுப் பார்க்கறேன்."

கட்டில் கிரீச்சிட்டது. ஏதோ இறங்கியது. ஊர்ந்தது. சுவரைத் தடவியது. நின்றது. மறுபடியும் தடவியது.

கதவு திறந்தது.

அக்காவின் நைட்டி. முகம் இருந்த இடத்தில் வழவழவென்று வெறும் தோல். ஆறு கைகள் காற்றைத் துழாவி அவன் முகத்தைக் கண்டுபிடித்தன. ஒன்று அவன் கண்ணீரைத் துடைத்தது. மற்றவை, காய்ச்சலில் கிடக்கும் குழந்தைக்குச் செய்வதுபோல, மெல்ல அவன் தலையைக் கோதத் தொடங்கின.