காலருக்கு அடியில் இருந்த சிவப்பு

அண்ணன் கோட்டு இலாகா. வாலு பூட்ஸ் இலாகா. சுண்டுவிரல் உயரப் போர்வீரர் பொம்மைகளுக்கு வண்ணம் பூச இருவரும் செய்துகொண்ட ஏற்பாடு இது.

வாலு என்பது வீட்டில் வைத்த பெயர். ஆனால் தூரிகையைக் கையில் எடுத்துவிட்டால் அவள் வாலைச் சுருட்டிக்கொள்வாள். கை கொஞ்சமும் நடுங்காது.

ஒரு காலத்தில் தங்கள் ஊரைக் காத்த படையின் அணிவகுப்பைத்தான் ஊர் அருங்காட்சியகத்துக்காக அவர்கள் செய்தார்கள். அந்தப் படைவீரர் ஒருவரின் நிஜக் கோட்டு அங்கே ஜன்னலோரக் கண்ணாடிப் பெட்டிக்குள் தொங்கியது. அதைப் பார்த்துப் பார்த்து வண்ணம் குழைத்து, அச்சு அசலாக அதே செங்கல் பழுப்பைக் கொண்டுவந்திருந்தான் அண்ணன்.

"இதுல யாராவது ஒரு குறை சொல்லட்டும் பார்ப்போம்!" என்று தலைகால் புரியாமல் திரிந்தான்.

மறுநாள் அந்த அணிவகுப்புக்குத் திறப்பு விழா. பொம்மைகளை அடுக்க, பள்ளி விட்டதும் வாலு சீருடையோடே அருங்காட்சியகத்துக்கு வந்துவிட்டாள். அந்தப் பாவாடை மட்டும் அவளுக்குப் பிடிக்காது. அவள் வளர்ந்துவிட்டாள் என்று அம்மா கீழ் மடிப்பைப் பிரித்துவிட்டிருந்தார். பாவாடை முழுக்க வெளுத்த நீலம், மடிப்பு இருந்த இடம் மட்டும் கருநீலம். வகுப்பில் அவளுக்கு "ரெண்டு கலர்" என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

வாலு பாவாடையைப் பார்த்தாள். பிறகு கோட்டைப் பார்த்தாள்.

"அண்ணா, இந்த ஜன்னல்ல தினமும் வெயில் அடிக்குமா?"

"அடிக்கும். அதுக்கென்ன?"

"அப்போ கோட்டும் வெளுத்திருக்குமே, என் பாவாடை மாதிரி?"

"ஆரம்பிச்சுட்டியா? போய் உன் பூட்ஸைப் பாரு!"

பொறுப்பாளர் ஆன்ட்டி அப்போது பெட்டியைத் திறந்து தூசி தட்டிக்கொண்டிருந்தார்.

"ஆன்ட்டி, அந்தக் காலரைக் கொஞ்சம் தூக்கிக் காட்டுறீங்களா?"

கையுறை போட்ட விரல்களால் அவர் மெல்லத் தூக்கினார். உள்ளே மாதுளை முத்துப் போல ஒரு சிவப்பு!

"அடேயப்பா! இத்தனை வருஷமா தூசி தட்டுறேன், இது என் கண்ணுல படவே இல்லையே!" என்றார் ஆன்ட்டி.

அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"போச்சு, எல்லாம் போச்சு! நாளைக்குள்ள எல்லாத்தையும் சுரண்டிட்டு மறுபடி பூச முடியுமா? பேசாம இப்படியே விட்டுடலாம். யாருக்குத் தெரியப்போகுது?"

"நமக்குத் தெரியுமே. பாவம்ணா, அந்த வீரர்கள் பளிச்சுன்னு புதுக் கோட்டு போட்டுக்கிட்டு நடந்திருப்பாங்க."

அண்ணன் கண் கலங்கியிருந்தது.

கீழே விழுந்து மூக்கு உடைந்த வீரன் ஒருவன் பொம்மைப் பெட்டியில் கிடந்தான். வாலு அவனை எடுத்தாள். அண்ணன் கொண்டுவந்திருந்த சிவப்பு வண்ணத்தில் தண்ணீர் விட்டு நீர்க்கக் கரைத்து, பழுப்புக் கோட்டின் மேல் ஒரு பூச்சுப் பூசினாள். சிவப்பு மடிப்புகளுக்குள் இறங்கி அழுத்தமாகத் தங்கியது. மேடான இடங்களில் மெலிதாகப் படர்ந்து பளபளத்தது. மூக்கில்லாவிட்டாலும் மிடுக்காக நின்றான் அவன்.

"பாருண்ணா! உன் கலர் அடியில இருக்கறதாலதான் இவ்வளவு எடுப்பா இருக்கு. எதையும் அழிக்க வேணாம். மேல ஒரு பூச்சு போதும்."

அண்ணன் பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தான்.

"ஏய் வாலு, இன்னைக்கு நீயும் கோட்டு இலாகாதான். தூரிகையை எடு!"

மறுநாள் சிவப்பு அணிவகுப்பைச் சுற்றிக் கூட்டம் மொய்த்தது. வந்தவர்களிடமெல்லாம் அண்ணன் வாய் ஓயாமல் சொன்னான்: "இந்தச் சிவப்பைக் கண்டுபிடிச்சது என் தங்கச்சி!" மூக்கு உடைந்த வீரனை அவன் முதல் வரிசையிலேயே நிறுத்தியிருந்தான்.

திங்கட்கிழமை பள்ளி வாசலில் ஒரு குரல் கேட்டது. "ஏய், ரெண்டு கலர்!"

வாலு திரும்பினாள். பாவாடையின் கருநீலப் பட்டையைத் தட்டிக் காட்டினாள்.

"இதுதான் நிஜக் கலர். தெரிஞ்சுக்கோ!"

சொல்லிவிட்டு, அணிவகுப்பில் போகிறவளைப் போல நிமிர்ந்து வகுப்புக்கு நடந்தாள்.