வலது சக்கரம்

இடது சக்கரத்தைச் சுற்றினால் வலது சக்கரம் எதிர்ப்பக்கமாகச் சுற்ற வேண்டும். பின்புறம் தூக்கி நிறுத்திய வேனில், கியரையும் ஹேண்ட்பிரேக்கையும் விடுவித்த பிறகு, அதுதான் முறை. மெக்கானிக் வண்டிக்கடியில் மல்லாந்து கிடந்தபடி இடது சக்கரத்தைச் சுற்றினான். வலது சக்கரம் அசையவில்லை. அதற்குப் பதில், முகத்துக்கு மேலே நீண்டிருந்த ஷாஃப்ட் மெல்ல உருண்டது.

அந்தச் சக்கரத்தை யாராவது பிடித்துக்கொண்டிருந்தால்தான் அப்படி நடக்கும்.

"அந்தப் பக்கச் சக்கரத்தை விடும்மா."

"நான் எங்க வண்டிகிட்ட இருக்கேன்? அடுப்படியில நிக்கிறேன்," என்று வீட்டுக்குள்ளிருந்து தங்கையின் குரல் வந்தது.

தகரக் கூரையில் மழை ஒரே சீராக இரைந்துகொண்டிருக்க, முற்பகலிலேயே இருண்டுபோன ஷெட்டில், கெட்டுப்போன கியர் ஆயிலின் அழுகிய முட்டை வாடை ஈரத்தோடு கலந்து தரையை ஒட்டியே தங்கியிருந்தது. தங்கைதான் வரச்சொல்லியிருந்தாள். "நேரா போனா ஒண்ணுமில்லண்ணே. வளைவுல திருப்புனாத்தான் பின்னாடி யாரோ பல்லைக் கடிக்கிற மாதிரி இருக்கு." புருஷன் போனபின் அந்த வேன்தான் அவளுக்குச் சோறு. முடியாது என்று சொல்ல அவனுக்கு வாயில்லை.

ஊர்ந்து போய் வலது சக்கரத்தையே சுற்றிப் பார்த்தான். வழுக்கிக்கொண்டு சுற்றியது. பிரேக் எங்கும் உரசவில்லை. திரும்பி வந்து இடதைத் தொட்டான். மறுபடி அதே பிடி.

ப்ளே, அதாவது உள்ளிருக்கும் பல்சக்கரங்களின் தளர்ச்சி, பார்க்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சக்கரத்தைப் பிடிக்க, இன்னொருவர் ஷாஃப்டை ஆட்டிப் பார்ப்பார். பிடிப்பது எப்போதும் தங்கை புருஷன்தான். "உயிரே போனாலும் விடமாட்டேன் மச்சான், நீ ஆட்டு," என்று சிரிப்பான். அவன் உயிர் போனதும் இதே வேனுக்கு அடியில்தான். ஜாக் சரிந்தது. தாங்கியிருக்க வேண்டிய ஸ்டாண்டை வேறொரு வண்டிக்காக உருவிக்கொண்டு போயிருந்தவன் மெக்கானிக். தங்கையிடம் சொன்னது வேறு: "மாப்பிள்ளை அவசரத்துல ஸ்டாண்டு வைக்காம பூந்துட்டார்."

உள்ளே ஏதோ விழுந்து உடைந்தது.

"அப்படியே அப்பன் புத்தி! அந்த மனுஷன் அவசரப்பட்டு நம்மளை நடுத்தெருவுல விட்டது போதாதாடி?"

தங்கை தன் மகளைத் திட்டிக்கொண்டிருந்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான். அவசரம். அன்று அவன் சொன்ன ஒரு வார்த்தை. இந்த வீட்டில் அது தினமும் சோற்றோடு பரிமாறப்படுகிறது.

ஷாஃப்டைப் பிடித்து லேசாக ஆட்டினான். டக்.

வலது பக்கத்திலிருந்து, டக்.

கையை எடுத்துவிட்டான்.

டக். டக்.

அவசரமே இல்லாத சத்தம்.

தங்கையின் ஈரப் பாதங்கள் வலது பக்கம் வந்து நின்றன. "சத்தம் எங்கன்னு தெரிஞ்சுதாண்ணே?"

சொல்லிவிடு. இப்போதே.

"ஒண்ணுமில்லம்மா. பழைய வண்டி, அப்படித்தான்."

சத்தம் நின்றது.

தலையைத் திருப்பினான். வலது டயரின் உள்விளிம்பை நான்கு விரல்கள் பற்றியிருந்தன. கிரீஸ் கறுப்பு. பிளந்த நகங்கள். அதற்குப் பின்னால், இருட்டில், மடித்துப்போட்ட சாக்கு போல ஒரு நெஞ்சு. அதற்கு மேல் தங்கை புருஷனின் முகம். கோபமில்லை. அடுத்து அவன் என்ன சொல்வான் என்று காத்திருக்கும் முகம்.

தங்கை குந்தி உட்கார்ந்தாள். "ரெண்டு பேர் வேணும்பியே. நான் பிடிக்கவா?"

வேண்டாம் என்று தலையை ஆட்டினான். வண்டிக்கடி இருட்டில் அது அவளுக்குத் தெரியவில்லை.

அவள் கை டயரைச் சுற்றி உள்ளே வந்தது. அந்த விரல்கள்மேல் படிந்தது.

"ஏண்ணே, இது இவ்வளவு சில்லுன்னு இருக்கு?"

விரல்கள் டயரை விட்டன. அவள் கையைப் பிடித்துக்கொண்டன.