காருக்குத் தெரியாத அண்ணாச்சி

"அப்பா, நம்ம காருக்கு யாரையெல்லாம் தெரியும்?"

மஹிமா இப்படிக் கேட்டது ஒரு மார்கழி விடியற்காலையில். ஹவுரா ஸ்டேஷனிலிருந்து லேக் கார்டன்ஸில் இருக்கும் வீட்டுக்குக் காரில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். கல்யாணத்துக்காகச் சென்னை போயிருந்த அம்மா தேவிப்ரியா, அப்போதுதான் ரயிலில் வந்து இறங்கியிருந்தாள். கார் கிளம்பியதுமே முன் சீட்டில் தூங்கிவிட்டாள்.

"எல்லாரையும் தெரியும்!" என்றார் அப்பா வெங்கடநாராயணன்.

அப்பா பாங்க் அதிகாரி. புதுக் காரைப் பற்றி யாராவது ஒரு கேள்வி கேட்டால் பத்து பதில் சொல்வார். யாரும் கேட்காவிட்டாலும் சொல்வார்.

"எதிர்ல ஒரு லாரி வரது பாரு. நம்ம வெளிச்சம் அது மேல மட்டும் படலை, கவனிச்சியா?"

மஹிமா முன்னால் எட்டிப் பார்த்தாள். ஆமாம்! சாலையின் இரண்டு பக்கமும் பளீரென்று வெளிச்சம். நடுவில் லாரி வரும் இடத்தில் மட்டும் ஒரு இருட்டுப் பெட்டி. லாரி நகர நகர, அந்த இருட்டும் கூடவே நகர்ந்தது.

"முன் கண்ணாடிக்குப் பின்னால ஒரு கேமரா இருக்கு" என்றார் அப்பா. "நம்ம ஹெட்லைட் ஒரே விளக்கு இல்லை. உள்ளே குட்டிக் குட்டியா நிறைய விளக்கு. எதிர்ல வண்டி வந்தா, அது மேல படற குட்டி விளக்கெல்லாம் தானா மங்கிடும். மத்ததெல்லாம் எரியும். அந்த டிரைவருக்குக் கண் கூசாது. நமக்கும் வழி நன்னா தெரியும்."

"எங்க மிஸ், பேசற பெஞ்சை மட்டும் வாயை மூடச் சொல்ற மாதிரியா?"

"அதே தான்!" அப்பா சிரித்தார்.

ஏரிக்கரைச் சாலைக்குள் கார் திரும்பியது. அங்கே கேபிள் போடுவதற்காகச் சாலையோரம் பள்ளம் தோண்டியிருந்தார்கள். தெருவிளக்கு ஒன்றுகூட எரியவில்லை. எதிரே வேறு வண்டியும் இல்லை. கார் கொஞ்சம் வேகம் பிடித்ததும் வெளிச்சம் நீண்டது. மரங்கள் உச்சிவரை வெள்ளையாயின.

அந்த வெளிச்சத்தில் ஆட்கள் தெரிந்தார்கள். மார்கழி பஜனைக்காரர்கள்!

அந்தப் பகுதித் தமிழ்க் குடும்பத்தினர் மார்கழி முழுவதும் விடியும் முன் பாடிக்கொண்டே பெருமாள் கோயில்வரை நடப்பார்கள். முன்னால் நடப்பவர் சீதாராமன் மாமா. அவர் ரொம்பக் கண்டிப்பு. போன வருஷம் பாட்டு நடுவில் யாருடைய போனோ அலறி, ஒரு சினிமாக் குத்துப்பாட்டைப் பாடிவிட்டது. அன்றிலிருந்து பஜனைக்கு யாரும் போன் கொண்டுவரக் கூடாது. அதனால் யாரிடமும் ஒரு டார்ச் வெளிச்சம்கூடக் கிடையாது.

கடைசியில் நடப்பவர் மூக்கையா அண்ணாச்சி. மளிகைக் கடை வைத்திருப்பவர். பட்டு மாமி செய்து கொடுக்கும் பொங்கலை, பாத்திரத்தோடு சைக்கிள் கேரியரில் கட்டி, தள்ளிக்கொண்டே வருவார். மாமா பாடும் வரியைத் திருப்பிப் பாடும் எதிர்ப்பாட்டில் அவர் குரல்தான் எல்லோரையும்விடப் பெரியது.

காரின் முழு வெளிச்சமும் அவர்கள் முகத்தில் விழுந்தது. இருட்டுப் பெட்டி வரவில்லை. ஒவ்வொருவராகக் கையைத் தூக்கிக் கண்ணை மறைத்தார்கள். அண்ணாச்சியும் சைக்கிளிலிருந்து ஒரு கையை எடுத்தார்.

அதற்குள் கார் கடந்துவிட்டது.

"அப்பா! அவாளுக்கெல்லாம் கண் கூசித்து!"

"கார் பார்த்துக்கும்மா. எல்லாம் ஆட்டோமேட்டிக்."

மஹிமா பின்னால் திரும்பிப் பார்த்தாள். ஒரே இருட்டு.

காலை டிபன் நேரத்தில் பட்டு மாமி போன் செய்தாள். மாமியின் குரல் அடுத்த அறைவரை கேட்டது.

"தேவி, கேட்டியா அநியாயத்தை? அண்ணாச்சி சைக்கிளைப் பள்ளத்துல விட்டுட்டார்! பாத்திரத்தோட பொங்கல் அத்தனையும் மண்ணுல! பெருமாளுக்கு நைவேத்தியம் பண்ண ஒரு பருக்கை மிஞ்சலை. ராத்திரி பூரா கடையைத் திறந்து வெச்சிண்டு, காலம்பற தூங்கிண்டே நடந்தா வேற என்ன ஆகும்?"

மஹிமாவின் கையிலிருந்த தோசை அப்படியே நின்றது.

மாலையில் பள்ளிக்கூட பஸ்ஸிலிருந்து இறங்கியதும் அவள் நேராகக் கடைக்குப் போனாள். அண்ணாச்சி முழங்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு, துவரம்பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, ரொம்ப வலிக்கறதா?"

"காலு சரியாப் போயிரும் பாப்பா." அவர் தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இனிமே நான் பஜனைக்கு வரலை. பெரியவங்க நம்பிக் கொடுத்த பிரசாதத்தை மண்ணுல கொட்டிப்புட்டேனே. வேற யாராச்சும் கொண்டு வரட்டும்."

"உங்க கண்ல வெளிச்சம் அடிச்சுதா?"

"என்னமோ பளிச்சுன்னு இருந்துச்சு. அப்புறம் ஒண்ணும் தெரியலை. எல்லாரும் தூங்கிட்டேன்னு சொல்றாங்க. தூங்கித்தான் போயிட்டேனோ என்னவோ!"

அவர் தூங்கவில்லை. அது மஹிமாவுக்குத் தெரியும். ஆனால் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அண்ணாச்சிக்கே தெரியவில்லை!

'இதை நான் விடப் போறதில்லை' என்று அவள் மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

முதலில் சீதாராமன் மாமா வீட்டுக்குப் போனாள்.

"மாமா, தப்பு அண்ணாச்சி மேல இல்லை. எங்க கார் வெளிச்சம் பட்டுத்தான் அவருக்குக் கண்ணே தெரியலை."

"உங்க காரா?" மாமா புருவத்தைத் தூக்கினார். "அது யார் கண்ணையும் கூச வைக்காதுன்னு உங்கப்பா என்னை லிஃப்ட் வாசல்ல நிறுத்தி வெச்சு அவ்வளவு நேரம் சொன்னாரே! என் காபியே ஆறிப்போச்சு. போ கொழந்தே, போய்ப் படி."

அடுத்து அப்பா.

"இதோ பாரு மஹி, லாரியைப் பார்த்து மங்கித்தா இல்லையா?"

"மங்கித்து. ஆனா அண்ணாச்சியைப் பார்த்து மங்கலை."

"நீ பின் சீட்டுல இருந்தே. உனக்குச் சரியாத் தெரிஞ்சிருக்காது."

"அப்போ முன்னால நின்னு பார்க்கலாமா?"

அப்பா பதில் சொல்வதற்குள் சமையலறையிலிருந்து அம்மா வந்தாள். "அவ கேக்கறது நியாயம்தானே? காரை நான் ஓட்டறேன். அண்ணாச்சி நடந்த சாலையில நீங்க போய் சைக்கிளோட நில்லுங்கோ. அவ்வளவு கெட்டிக்காரக் காரா இருந்தா உங்களுக்கு என்ன பயம்?"

"பயமா? எனக்கா?" என்றார் அப்பா.

சைக்கிளுக்கு மஹிமா கீழ்வீட்டு பிஸ்வாஸ் காகுவிடம் போனாள். காகு என்றால் வங்காளத்தில் சித்தப்பா. சைக்கிள் அப்பாவுக்கு என்று கேட்டதும் அவர் விழுந்து விழுந்து சிரித்தார். புதுக் கார் அதற்குள் ரிப்பேரா என்று விசாரித்தார். பிறகு சைக்கிளையும் கொடுத்து, அதில் மாட்டும் சின்ன விளக்கையும் கொடுத்தார். மஹிமா விளக்கைப் பையில் போட்டுக்கொண்டாள்.

குளிர்காலத்தில் கொல்கத்தாவில் சீக்கிரமே இருட்டிவிடும். ஏரிக்கரைச் சாலையில் பள்ளம் இல்லாத பக்கமாக, நடைபாதை மேல் அப்பா சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் மஹிமா. பின்னால் ஒரு செடி வேலி. அம்மா காரைத் தூரத்துக்கு ஓட்டிப்போய்த் திருப்பினாள்.

"இப்ப பாரு" என்றார் அப்பா. "நம்மகிட்ட வரும்போது வெளிச்சம் அழகா மங்..."

அவரால் முடிக்க முடியவில்லை. சூரியன் சாலையில் உருண்டு வருவதுபோல் வெளிச்சம் வந்தது. மஹிமா கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். மூடிய இமைக்குள்ளும் சிவப்பாக எரிந்தது.

"ஐயையோ! தேவி! மங்கலை! மங்கவே இல்லை!" என்று அப்பா கத்தினார். தொப்பென்று ஒரு சத்தம்.

கார் கடந்து போனது. மஹிமா கண்ணைத் திறந்தாள். எங்கே பார்த்தாலும் பச்சையும் ஊதாவுமாகப் புள்ளிகள். அந்தப் புள்ளிகளுக்கு நடுவில் அப்பா செடி வேலி மேல் உட்கார்ந்திருந்தார். சைக்கிள் அவர் மடியில் இருந்தது.

"அப்பா, நீங்க தூங்கிட்டேளா?"

"தூக்கமா? கண்ணே தெரியலைடி! இங்க வேலி இருக்குன்னே..." அப்பா சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

தலையில் ஒட்டிய இலையை எடுத்தார். பிறகு மெதுவாக, "அண்ணாச்சிக்கும் இப்படித்தான் இருந்திருக்கும், இல்லை?" என்றார்.

"ஆமாம்ப்பா. ஆனா லாரியை மட்டும் காருக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அப்பா யோசித்தார். "லாரிக்கு விளக்கு இருக்கு. கேமரா விளக்கைப் பார்த்துத்தான் வண்டின்னு கண்டுபிடிக்கறது."

"விளக்கே இல்லாதவாளை?"

"அவாளை அதுக்குத் தெரியலை" என்றார் அப்பா.

மஹிமா பையிலிருந்து விளக்கை எடுத்து சைக்கிளின் முன்னால் மாட்டினாள். ஸ்விட்சைத் தட்டினாள். நெல்லிக்காய் அளவு வெள்ளை வெளிச்சம்.

"அம்மாவை இன்னொரு தடவை வரச் சொல்லுங்கோ."

"திரும்பவுமா?" அப்பா வேலியை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். ஆனாலும் போன் செய்தார்.

தூரத்தில் வெளிச்சம் மறுபடியும் எழுந்தது. கிட்டே வந்தது. இன்னும் கிட்டே. மஹிமா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். இந்த முறை கண்ணை மூடவில்லை.

யாரோ குடை விரித்ததுபோல் அவர்கள் மேல் இருட்டு வந்து நின்றது.

இடப்பக்கம் மரம் பளபளத்தது. வலப்பக்கம் சாலை பளபளத்தது. அவர்கள் இருவரும் சைக்கிளும் மட்டும் குளுகுளுவென்று நிழலில் இருந்தார்கள். கார் கடக்கும்வரை அந்த நிழல் அவர்களை விட்டுப் போகவில்லை.

"தெரிஞ்சுடுத்து!" மஹிமா குதித்தாள். "காருக்கு நம்மளைத் தெரிஞ்சுடுத்து!"

அப்பா குதிக்கவில்லை. "வா, அண்ணாச்சி கடைக்குப் போகலாம்" என்றார்.

கடையில் ஆட்கள் இருந்தார்கள். அப்பா அவர்கள் போகும்வரை காத்திருக்கவில்லை.

"அண்ணாச்சி, இன்னிக்குக் காலம்பற உங்க கண்ல வெளிச்சம் அடிச்சது என் கார். நீங்க தூங்கலை. தப்பு என்னோடது. மன்னிச்சுக்கோங்கோ."

அண்ணாச்சி கையிலிருந்த பொட்டலத்தைக் கீழே வைத்தார்.

"நான் தூங்கலையா சார்?"

"இல்லவே இல்லை. இவ பார்த்திருக்கா. இப்ப நானும் நின்னு பார்த்துட்டு வரேன்."

அண்ணாச்சி தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நல்ல குளிர் நாள்தான். இருந்தாலும் ரொம்ப நேரம் துடைத்தார்.

"எனக்கே என் மேல சந்தேகம் வந்துருச்சு பாப்பா" என்றார் மஹிமாவிடம். "நடக்கறப்பவே தூங்குறவன் நாளைக்கு எடையைச் சரியாப் போடுவானான்னு நெனச்சு நெனச்சு, ஒவ்வொரு பொட்டலத்தையும் ரெண்டு தடவை நிறுத்துக்கிட்டு இருந்தேன்."

அடுத்த நாள் விடியற்காலை பஜனை புறப்படும் இடத்துக்கு மஹிமா விளக்கோடு வந்தாள். காகுவின் விளக்கைத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. இது கடையில் வாங்கியது. முன்னால் பிடிக்க வெள்ளை, பின்னால் சைக்கிளில் மாட்டச் சிவப்பு.

சீதாராமன் மாமாவிடம் அப்பா எல்லாவற்றையும் சொன்னார். வேலியில் விழுந்ததையும் சொன்னார். மாமாவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். சைக்கிளோடு வந்து நின்ற அண்ணாச்சியிடம் போய், "விசாரிக்காமலே பேசிட்டோம். மனசுல வெச்சுக்காதேயும்" என்றார். பட்டு மாமி பாத்திரத்தைத் தானே கேரியரில் வைத்துக் கயிறு கட்டினாள்.

"அதெல்லாம் சரி" என்றார் மாமா. "பெருமாளைப் பாடிண்டு போறோம். முன்னால எதுக்கு பேட்டரி விளக்கு? பெருமாள் பார்த்துக்க மாட்டாரா?"

"பார்த்துப்பார் மாமா. ஆனா காருக்குப் பெருமாளைத் தெரியாதே! விளக்கைத்தான் தெரியும்."

மாமா விளக்கை வாங்கிப் பார்த்துவிட்டு அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

"சரி. அப்போ நீயே பிடிச்சிண்டு முன்னால நட. பாட்டு நடுவுல அது பாடாதே?"

"பாடாது மாமா. எரியும், அவ்வளவுதான்."

பாட்டு ஆரம்பித்தது. எதிர்ப்பாட்டு, கடைசி வரிசையிலிருந்து எல்லோரையும்விடப் பெரிதாகக் கேட்டது. எதிரே வந்த கார்களில் சில தாமாகவே வெளிச்சத்தைக் குறைத்தன. சிலவற்றில் ஓட்டியவர்கள் விளக்கைப் பார்த்துக் குறைத்தார்கள். யாரும் கையைத் தூக்கிக் கண்ணை மறைக்கவில்லை.

மார்கழி முடிந்தது. தை பிறந்தது.

ஒரு சாயங்காலம் அப்பாவும் மஹிமாவும் ஊருக்கு வெளியே ஒரு நண்பர் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். மஹிமா பின் சீட்டில் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். இரண்டு பக்கமும் வயல். சாலையில் வேறு வண்டி இல்லை. காரின் வெளிச்சம் நீளமாக விழுந்திருந்தது.

அதன் கோடியில் ஒருவர், வாழைத்தார் ஏற்றிய சைக்கிள் வண்டியை இழுத்துக்கொண்டு எதிரே வந்தார். அவரிடம் விளக்கு இல்லை. காருக்கு அவரைத் தெரியவில்லை.

அப்பாவுக்குத் தெரிந்தது. வேகத்தைக் குறைத்தார். ஸ்டியரிங் பக்கத்திலிருந்த குச்சியை விரலால் தட்டினார். வெளிச்சம் முழுவதும் கீழே இறங்கித் தரையில் படிந்தது.

அந்த மனிதர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கண்ணை மறைக்கக் கையைத் தூக்கவும் இல்லை. இரண்டு கையாலும் வண்டியைப் பிடித்து இழுத்துக்கொண்டு, தன் பாட்டுக்கு வீட்டைப் பார்த்து நடந்தார்.