புகைமலைக் கணவாய்

சாவகக் கடலில் கதிரவன் இறங்கிக்கொண்டிருந்த வேளை. ஆற்றின் முகத்துவாரத்தில் நங்கூரமிட்டிருந்த சோழ மரக்கலத்தின் மேல்தளத்தில் நின்று கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தான் எயினன் என்னும் வீரன். அன்பான வாசகர்களே, அவன் கண்ட காட்சியை நீங்களும் சற்று நின்று பாருங்கள். கரையை ஒட்டியே எழும்பி, வடக்கிலும் தெற்கிலும் கண்ணுக்கெட்டிய மட்டும் நீண்டு கிடந்தது புகைமலைத் தொடர். அடியில் கரும்பச்சைக் காடு, அதற்குமேல் மேகம், மேகத்துக்கும் மேலே, மண்ணோடு தொடர்பே இல்லாததுபோல் மூன்று சிகரங்கள். நடுச்சிகரத்தின் வாயிலிருந்து எழுந்த புகை அந்தி ஒளியில் செம்பட்டாக விரிந்தது. சமவெளியும் கடலுமே அறிந்த எயினன், ஒரு மலை மூச்சு விடுவதை அன்றுதான் கண்டான்.

மலைக்கு அப்பாலிருந்த பகைவரின் தாலாங் கோட்டையின் பின்புறமாக இறங்க ஒரு வழி காண்பது அவன் பணி. மரங்களில் குறி வெட்டியபடி அவன் முன்னே செல்ல, முந்நூறு வீரர் ஒரு நாள் பின்தங்கி அக்குறிகளைப் பற்றி வருவதாக ஏற்பாடு. வழிகாட்ட வந்தவள் பெயர் கெனங்கை. கர்ப்பூரம் எடுப்போரின் மகள் என்றும், துறைமுகத்துத் தமிழ் வணிகரிடம் மொழி பழகியவள் என்றும் சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் விடியலில் புறப்பட்டார்கள். பத்துப் பேர் கைகோத்தாலும் அணைக்க முடியாத கர்ப்பூர மரங்களுக்கிடையே, வால் இல்லாக் குரங்குகளின் நீண்ட பாட்டு அவர்களைத் தொடர்ந்தது. ஓரிடத்தில் இரண்டு ஓடைகள் சேர்ந்தன; ஒன்றில் கை வைத்தால் விரல் மரத்தது, மற்றதில் அரிசி வேகும் போலிருந்தது. மேலே ஏற ஏற மரங்கள் குறுகி, முறுகி, பாசி போர்த்து நின்றன. உள்ளங்காலின் கீழே மண் வெதுவெதுப்பாக இருந்தது, உறங்கும் விலங்கின் விலாவைப்போல.

பட்டப்பகலிலும் கெனங்கை குங்கிலியப் பந்தம் ஒன்றை ஏந்தியே நடந்தாள். எங்கே உட்காருவதானாலும் முதலில் குனிந்து, பந்தத்தைத் தரையோடு பிடித்துப் பார்ப்பாள். மண்ணுக்குத் தீபாராதனையா என்று எயினன் கேலி செய்தபோது, தங்கள் மலையில் குழந்தையைத் தொட்டிலில் இடுவதற்கு முன்னும் அப்படித்தான் செய்வார்கள் என்று மட்டும் சொன்னாள்.

மூன்றாம் நாள் அந்திக்குச் சற்று முன்பு காடு சட்டென்று முடிந்தது. எதிரே கரும்பாறைகள், களிம்பேறிய செம்பின் நிறத்தில் அசையாத ஏரி, கந்தக நெடி. இரு சிகரங்களுக்கு நடுவே கணவாய் தெரிந்தது. அதை அடைய இருந்த ஒரே வழி, புல் அடர்ந்த ஆழமான பள்ளம் ஒன்றினூடே சென்றது.

எயினனின் மனம் குளிர்ந்தது. கடலோடிக்குப் புயற்காற்றே பகை அல்லவா? காற்று எட்டாத இப்பள்ளத்தில் முந்நூறு பேரும் சுகமாகப் படுக்கலாம் என்று எண்ணி, அங்கிருந்த கடைசி மரத்தில் பெரிதாக ஒரு குறி வெட்டினான். மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு இறங்கக் கால் எடுத்து வைத்தவன், அவள் மேட்டுப்பாறையிலேயே நிற்பதைக் கண்டான்.

"என்ன பெண்ணே, இந்த மண்ணுக்கு மட்டும் தீபம் காட்ட மறந்துவிட்டாயே? கோபித்துக்கொள்ளப் போகிறது," என்று சிரித்தான்.

கெனங்கையின் முகத்திலிருந்த நிறம் வடிந்தது. ஏரியின் ஓரத்தில் எங்கோ நீர் கொப்புளித்து அடங்கியது. பிறகு அவள் மெல்ல இறங்கி வந்து, அவனைக் கடந்து, மூச்சை அடக்கியபடி பந்தத்தைப் புல்லருகே தாழ்த்தினாள்.

தண்ணீரில் தோய்த்ததுபோல் சுடர் அணைந்தது.

அப்போதுதான் எயினன் புல்லுக்குள்ளே கூர்ந்து பார்த்தான். காயம் ஏதுமின்றி, உறங்குவதுபோல் ஒரு மானும் அதன் கன்றும் கிடந்தன. அவன் பின்வாங்கிப் பாறைமேல் ஏறினான்; அவளும் பின்னால் ஏறிவந்தாள். அவன் கை தானாகவே வாளைத் தேடியது.

"உருவுங்கள்," என்றாள் அவள். "மலை விடும் நச்சு மூச்சு இங்கே தேங்கி நிற்கும்; அதில் சுடரும் உயிரும் அணையும். தங்களையும் பின்னால் வருவோரையும் இதில் உறங்க வைப்பதுதான் எனக்கு இட்ட ஆணை. நான் கர்ப்பூரக்காரன் மகள் அல்லேன். தாலாங் மன்னர் என் தந்தை."

"பிறகு ஏன் பந்தத்தைத் தாழ்த்தினீர்கள், இளவரசி?"

"இங்கே தீபம் காட்டினாயா என்று ஒருவர் கேட்டபின் காட்டாமல் இருக்க எங்கள் மலையில் யாருக்கும் தெரியாது. தாங்கள் ஏன் கேட்டீர்கள்?"

எயினன் வாளை முழுவதும் உருவினான். உருவி, அவள் பாதத்தருகே பாறைமேல் கிடத்தினான். கணவாய்க்கு அப்பால் கோட்டையின் விளக்குகள் ஒவ்வொன்றாக ஏற்றப்படுவது தெரிந்தது. அங்கிருந்து இவள் வந்திருக்கிறாள். அப்படியானால் காற்று இப்பள்ளத்தைக் கழுவிச்செல்லும் வேளை ஒன்று இருக்கவேண்டும். அவ்வேளையை இவள் அறிவாள். அந்த ஒரு கேள்வி போதும், கோட்டை சோழருடையது. கேள்வி அவன் நாவின் நுனிவரை வந்தது.

சிகரத்தின் புகை சிவந்து, கறுத்து, வானோடு கலந்தது.

"இன்றே இறங்கி என் வீரர்களைத் திருப்புவேன். வழியில் இந்தப் பள்ளம் இருக்கிறது என்பேன், அது பொய்யல்ல," என்றான் எயினன். "ஆனால் இதைத் தாங்கள் எந்த வேளையில் கடந்தீர்கள் என்று கேட்கமாட்டேன். இன்றும் கேட்கமாட்டேன், என் அரசரே கேட்கச் சொன்னாலும் கேட்கமாட்டேன். இது என் வாளின்மேல் ஆணை."

பிறகு அவன் குனிந்து கைநிறையக் கருமண்ணை அள்ளி, கடைசி மரத்தில் தான் வெட்டிய குறியின்மேல் அழுந்தப் பூசினான்.