வலையில் பூச்சி மட்டும்

விளக்குப் போட்ட கொஞ்ச நேரத்தில், சுவரில் ஒட்டிக்கொண்டிருந்த பல்லி பொத்தென்று தரையில் விழுந்தது. யாரும் விரட்டவில்லை. மல்லாந்து கிடந்த அதன் கால்கள் வெடவெடவென்று நடுங்க, பாதி விழுங்கிய பூச்சி அதன் வாயில் இன்னும் சிறகடித்துக்கொண்டிருந்தது. இந்த வாரத்தில் இது மூன்றாவது பல்லி.

அதைப் பார்த்துக்கொண்டு நின்ற அவன், ஆலையில் தண்ணீர் சோதிப்பவன். அந்தப் பூச்சியை அவனுக்கு நன்றாகத் தெரியும். வீட்டுக்குப் பின்னால் ஓடும் கால்வாயின் சேற்றில் புழுவாக வளர்ந்து, பொழுது சாயும்போது சிறகு முளைத்துக் கும்பல் கும்பலாக வெளிச்சத்தைத் தேடி வரும். ஆலைக் கழிவு விழுவதும் அந்தக் கால்வாயில்தான்.

துடைப்பம் எடுக்கப் பின்வாசலுக்குப் போனான். கூரையோரம் நெடுகச் சிலந்தி வலைகள். ஒவ்வொன்றிலும் பூச்சிகள் அப்பிக் கிடந்தன. ஈரச் சேற்று வாடையோடு துருப்பிடித்த இரும்பின் வாடையும் மூக்கில் ஏறியது. சிலந்திகளைத்தான் காணோம். குனிந்து பார்த்தான். சுவரோரம் கால்களைச் சுருட்டிக்கொண்டு கிடந்தன. ஒரு முறம் நிறைய அள்ளலாம். பூச்சியைத் தின்றவை எல்லாம் செத்திருந்தன. பூச்சிக்கு மட்டும் ஒரு கேடும் இல்லை.

மூன்று வருடமாக அவன் சோதனைப் பாட்டிலை நிரப்புவது கழிவுக்குழாய்க்கு மேல்பக்கம், கழிவு கலக்காத பாலத்தடியில். "அங்கதான் இறங்க வசதி, நாத்தமும் கிடையாது" என்று மேனேஜர் சொன்னதும் சரி சார் என்று தலையாட்டிவிட்டான். அறிக்கையில் எப்போதும் தண்ணீர் சுத்தம். கீழ்ப்பக்கத்துத் தண்ணீரை யார் குடிக்கப்போகிறார்கள் என்று மனசையும் சமாதானப்படுத்தி வைத்திருந்தான். குடித்தால்தான் விஷம் வந்து சேருமா என்ன?

"என்னங்க, கோழிய அடைச்சிருங்க" என்றாள் மனைவி, அடுக்களையிலிருந்து. "வெளக்கடியிலயே கெடக்குதுங்க."

வெளிவிளக்கின் அடியில் கோழிகள். விழும் பூச்சிகளைக் கொத்தின. நிறுத்தாமல் கொத்தின. ஒன்று மட்டும் கழுத்தைத் திருகியபடி, நின்ற இடத்திலேயே சுற்றிச் சுற்றி வந்தது.

"இதுங்க எப்பலேருந்து பூச்சி தின்னுது?"

"அது ரொம்ப நாளா! ஓசித் தீனி, நமக்கென்ன நஷ்டம்? மஞ்சக்கரு எவ்வளவு செவப்பா இருக்கு பாருங்க. பாப்பாவுக்குத் தினம் ரெண்டு குடுக்கறேன்."

கையிலிருந்த துடைப்பம் நழுவியது.

"இன்னைக்குமா?"

"இப்பத்தான் சாப்பிட்டா. ஜன்னல்கிட்ட உக்காந்திருக்கா. ரெண்டு நாளா என்னமோ ரொம்ப சமத்து, ஆடாம அசையாம..."

ஓடினான்.

அறையில் விளக்கு. திறந்த ஜன்னல். காதுக்குள் நுழையும் ரீங்காரம்.

"பாப்பா?"

நாற்காலியில் நேராக உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் பூச்சி. உதட்டில் பூச்சி. மூச்சு வந்தது, போனது.

"அப்பாவப் பாரும்மா."

கண் திறந்தேதான் இருந்தது. அதன் கருமணி மேல் ஒரு பூச்சி மெல்ல நடந்து போனது. இமை அசையவில்லை.